ஞாயிறு தோறும் போகிறேன்

நெடுந்தீவு
10.11.1985

மரியே வாழ்க

அன்பின் மேரிஜோசப்பின்,

உம்மையும் உம்முடைய இவரையும் மகனையும் மாதா காக்கட்டும். இங்கே மழை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் மூவருக்கும் தடிமன், வேறு குறையில்லை.

அப்புவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. ஆவணியில் சோறு விழுங்க ஏலாதென்றார். யாழ்ப்பாணத்தில் காட்ட, அவர்கள் கொழும்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போன கிழமை தம்பி அருளப்பு தான் ஓடுகிற லொறியில் கூட்டிப்போய் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறான். இனி அடுத்த முறை கொழும்புக்குச் சாமான் ஏற்றும்போதுதான் அவனால் போக முடியும்.

நான் போயிருக்க வேண்டும், ஒரே மகள். கடைக்குட்டி பால் குடிக்கிறாள் என்று ஊருக்குச் சொல்கிறேன். அது சாட்டு என்று உமக்கு மட்டும் எழுதுகிறேன். வைகாசியில் எங்கள் கடலில் வள்ளத்தை மறித்துச் சனத்தை வெட்டிக் கொன்றதற்குப் பிறகு எனக்கு வள்ளத்தில் கால் வைக்கத் துணிவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறினால் ஆஸ்பத்திரி என்று அருளப்பு சொன்னான். ஒருக்கால் எட்டிப் பார்ப்பீரா? அப்புவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. எழுத வாசிக்கவும் தெரியாது. கதைக்க மட்டும்தான் தெரியும். பட்டியில் நின்று மாட்டைக் கூப்பிட்டால் கோவிலடியில் கேட்கும் என்று சிரிப்போமே, அந்த மனிசன் கதைக்க ஆளில்லாமல் அங்கே என்ன செய்யும்?

உமது பதிலைப் பார்த்திருக்கும்
மாக்கிறேற்


கொழும்பு 13
27.11.1985

அன்பின் மாக்கிறேற்,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் வீட்டுத் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அப்புவைப் பார்த்தேன். மேல்மாடி வாட்டு. ஜன்னலோரக் கட்டில், நல்ல காற்று. தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் தெளிவாகத்தான் இருக்கிறது. என்னைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. உம்மைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "மாக்கிறேற் எப்ப வருவாள், எப்ப வருவாள்" என்பதே கதை.

நீர் யோசிக்க வேண்டாம். நான் இங்கே இருக்கிறேன்தானே. இனி ஞாயிறு தோறும் போகிறேன்.

இவரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உமது ஜோசப்பின்


கொழும்பு 13
14.12.1985

அன்புத் தோழிகள் மாக்கிறேற், ஞானசவுந்தரி, மற்றும் கொன்வென்ற் போடிங்கில் என்னோடு ஒரே மேசையில் கஞ்சி குடித்த எல்லோருக்கும்,

பாலன் பிறப்பின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கட்டும். வழக்கம்போல இந்த ஆண்டுக் கதையையும் கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். அடியில் இருக்கும் பிரதி கிடைத்தவர் கண்ணைச் சுருக்கி வாசிக்கவும்.

எங்கள் வீட்டில் இது நல்ல வருசம். மாசியில் இவருக்குத் துறைமுகக் கந்தோரில் ஒரு படி உயர்வு. சித்திரையில் இரண்டு அறையும் தனிக் குசினியும் உள்ள வீட்டுக்கு மாறினோம். மகன் ஆவணியில் நடக்கத் தொடங்கினான், இப்போது அலுமாரிக் கதவுகளை நாங்கள் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம்.

இனி என் சிபாரிசுகள். ரவைக் கேக்குக்கு முட்டையைக் குறைத்து இரண்டு கரண்டி தயிர் விடுங்கள், ஒரு கிழமைக்கும் காயாது. பிள்ளைக்கு வயிறு ஊதினால் கடை மருந்தை விட ஓமத்தண்ணீர் மேல். வெள்ளை உடுப்பை நீலத்தில் தோய்த்தால் நிழலில் உலர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. நோயாளிகளைப் போய்ப் பாருங்கள். எங்கள் மாக்கிறேற்றின் அப்பு இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான் ஞாயிறு தோறும் போகிறேன். போன ஞாயிறும் என் கையைப் பிடித்து, "நீயும் எனக்கொரு மகள்தான் பிள்ளை" என்றார். அந்தச் சொல் கேட்டு வீடு திரும்பும்போது மனதுக்கு வருகிற ஆறுதல் எந்தத் தியானத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எல்லோருக்கும் நத்தார் வாழ்த்துகள்.

உங்கள் மேரிஜோசப்பின்


நெடுந்தீவு
12.1.1986

அன்பின் மேரிஜோசப்பின்,

புது வருசத்தில் உங்களுக்கு ஒரு நோவும் வரக்கூடாது. கடல் மூசி வள்ளம் ஓடாதபடியால் உமது நத்தார்க் கடிதம் மூன்று இராசாக்கள் திருநாளுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஞானசவுந்தரியும் புங்குடுதீவிலிருந்து எழுதியிருந்தாள். "சொந்தப் பிள்ளைகூட இப்பிடிப் பாராது" என்று உம்மை மெச்சியிருந்தாள். சொந்தப் பிள்ளை நான் அதை இரண்டு தரம் வாசித்தேன்.

அப்பு என்னைக் கேட்கிறார் என்று நீர் எழுதிய நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு துறைக்குப் போனேன். வள்ளம் வந்து, ஆட்களை ஏற்றி, போயும்விட்டது. நான் பையோடு நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அருளப்பு திருநாளுக்கு வந்து நின்றுவிட்டுப் போனான். ஒப்பரேசன் முடிந்துவிட்டதாம்.

அப்பு உம்மோடு வேறு என்ன கதைத்தார்? சொல்லுக்குச் சொல் எழுதும். பட்டியில் நிற்கும் செவலை நாம்பன் மாட்டை விலைக்குக் கேட்டு வருகிறார்கள். கொடுக்கவா வேண்டாமா என்று அவரிடம் கேட்டு எழுதும்.

மாக்கிறேற்


கொழும்பு 13
9.2.1986

அன்பின் மாக்கிறேற்,

நாங்கள் நல்ல சுகம். அங்கே கடல் அடங்கியிருக்கும். பதில் பிந்தியதற்கு மன்னியும், மகனுக்குக் காய்ச்சல்.

அப்பு தேறி வருகிறார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் ஓயாத முறைப்பாடு. "உப்பில்லை, உறைப்பில்லை, இதைத் தின்னவோ நான் கடல் தாண்டி வந்தனான்" என்கிறார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். நாம்பனைப் பற்றிக் கேட்டேன். "விக்காதை எண்டு சொல்லு. அது என்ரை கையைப் பார்த்து வளர்ந்தது. நான் வந்து முடிவு சொல்லுறன்" என்றார்.

பிறகு பழைய கதை. எங்கள் இரண்டு பேரையும் கொன்வென்ற் தவணை தொடங்க வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போன கதை. வள்ளம் ஆடி நான் சத்தி எடுத்ததையும் நீர் அழுததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆகவே மனதைத் தேற்றிக்கொள்ளும்.

உமது ஜோசப்பின்


நெடுந்தீவு
28.2.1986

அன்பின் மேரிஜோசப்பின்,

உம்முடைய மகனின் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் நடமாடுகிறோம்.

நாம்பனை விற்கவில்லை. அப்பு சொன்னதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூத்தவன் "உப்பில்லை, உறைப்பில்லை" என்று அவரைப்போலவே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்னும் எழுதும். அவர் என்ன சொன்னாலும் எழுதும்.

மாக்கிறேற்


கொழும்பு 13
23.3.1986, குருத்து ஞாயிறு

அன்பின் மாக்கிறேற்,

தவக்காலம் நல்லபடி முடிந்து உயிர்ப்புப் பெருவிழா சந்தோசமாய் வரட்டும். எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

இன்று பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். குருத்தோலை ஒன்று கொடுத்தேன். அப்பு அதை மடித்துச் சிலுவை செய்து தலைமாட்டில் வைத்தார். "என்ரை பேரப்பிள்ளையளுக்கு நான் வந்து செய்து குடுப்பன் எண்டு எழுது" என்றார். மூத்தவன் தன்னைப்போலக் கதைக்கிறான் என்றதும் வாட்டு முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

பஸ் பிடித்து வந்த களைப்பு. பிறகு விரிவாக எழுதுவேன்.

உமது ஜோசப்பின்


நெடுந்தீவு
20.4.1986

மேரிஜோசப்பின் அறிவது,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அப்புவைக் குருத்து ஞாயிறுக்கு மூன்று நாள் முந்தி, பங்குனி இருபதாந் திகதி, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அருளப்பு தன்னுடைய அறையில் ஒரு கிழமை வைத்திருந்து, பெரிய வியாழனன்று இங்கே கொண்டுவந்து சேர்த்தான். குருத்து ஞாயிறன்று அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

அவருக்குச் சத்தம் இல்லை, ஜோசப்பின். மார்கழி முதற் கிழமையில் கட்டியோடு சேர்த்துக் குரலையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதால்தான் மூச்சு. நீர் கையைப் பிடித்துக் கேட்ட சொல்லும், உப்பில்லை உறைப்பில்லை என்ற சொல்லும் எந்த வாயால் வந்தது?

பக்கத்துக் கட்டிலில் ஒரு மட்டக்களப்பு ஆள் இருந்தாராம். அவர் அருளப்புவுக்குச் சொன்னது இது. முதலில் ஒரு பெண் ஒருக்கால் வந்தவ. வாற ஞாயிறும் வருவன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. அதுக்குப் பிறகு ஞாயிறு வந்தால் உங்கடை அப்பு, சூசைப்பிள்ளை அண்ணை, பின்னேரம் சீப்பெடுத்துத் தலை இழுத்து, சேட்டுப் போட்டு, வாசலைப் பார்த்தபடி இருப்பார். ஒருதரும் வாறேல்லை.

இங்கே வந்த அன்று அப்பு பட்டியடியில் போய் நின்று வாயைத் திறந்தார். மாடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு நின்றன.

உம்முடைய குருத்து ஞாயிற்றுக் கடிதம் அவர் வந்த பிறகுதான் கிடைத்தது. பிள்ளைகள் பறித்து அவருக்கு முன்னாலேயே வாசித்துவிட்டார்கள். அவர் சொன்னதாக நீர் எழுதியதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டு இருந்தார். நான் தாளைப் பறித்தேன். அவர் கையை அசைத்து, இன்னும் இருந்தால் வாசிக்கட்டும் என்று காட்டினார்.

மாக்கிறேற்


கொழும்பு 13
3.8.1986

அன்பின் மாக்கிறேற்,

சுகம் விசாரிக்க எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை வைகாசியிலிருந்து எழுதிக் கிழிக்கிறேன்.

நான் ஒரு ஞாயிறுதான் போனேன். ஏன் பிறகு போகவில்லை என்று எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்கல்ல, உமக்குத் தெரிய வேண்டும்.

நான் வாட்டு வாசலில் நின்று கட்டிலைத் தேடினேன். அப்பு என்னைக் கண்டுவிட்டார். "எடி பிள்ளை! ஜோசப்பின்! வந்திட்டியோடி!" என்று ஒரு சத்தம். அந்த நீள வாட்டில் இருந்த நோயாளிகளும் பார்க்க வந்த சனமும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பு வேர்த்து ஓடியது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் குசினிக்குள் ஒளிந்திருந்தது உமக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் வெளியில் வாய் திறந்து தமிழ் கதைப்பதில்லை. பஸ்ஸில் மகன் "அம்மா" என்று கூப்பிட்டாலும் அவன் வாயில் விரலை வைக்கிறவள் நான்.

கட்டிலுக்குக் கிட்டப் போய் நான் அவருக்குச் சொன்ன முதற் சொல் என்ன தெரியுமா? சுகமோ என்று கேட்கவில்லை. "மெதுவாக் கதையுங்கோ அப்பு, எல்லாரும் பாக்கினம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "ஓம் பிள்ளை, ஓம்" என்று குரலைத் தாழ்த்தினார். என்னுடைய ஐயா செத்த பிறகு என் பெட்டியையும் சேர்த்துத் தோளில் சுமந்துகொண்டு வள்ளத்துறைக்கு நடந்த மனிசன். அவருக்குக் குரல் இருந்த கடைசி நாட்களில் அதை அடக்கச் சொன்னவள் நான்தான். ஒரு கிழமையில் அது போய்விடும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்பதுதான் என்னைத் தின்கிறது.

அடுத்த ஞாயிறு வெளிக்கிட்டேன். பஸ் தரிப்பில் நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்த ஞாயிறு நத்தாருக்கு உடுப்புத் தைக்க இருந்தது. பிறகு நத்தார்க் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வருசத்தில் நான் செய்த நல்ல காரியம் ஒன்று வேண்டியிருந்தது. போக நினைத்ததைப் போனதாக எழுதினேன். நீர் மேலும் கேட்டீர், மேலும் எழுதினேன். அவர் எப்படிக் கதைப்பார் என்று எனக்குத் தெரியும்தானே.

அப்புவின் காலில் விழ வரவேண்டும். இவர் பாதை சரியில்லை என்கிறார். அதை நம்பிக்கொண்டு நானும் இருக்கிறேன்.

ஜோசப்பின்


நெடுந்தீவு
30.11.1986

மரியே வாழ்க

அன்பின் மேரிஜோசப்பின்,

நீங்கள் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

அப்பு ஐப்பசி இருபத்தெட்டாந் திகதி விடியப் போய்விட்டார். அமைதியான சாவு. முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு எழுதுகிறேன். உம்முடைய ஆவணிக் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை.

அவருக்குச் சத்தம் போய்விட்டதென்று எனக்குத் தை மாதமே தெரியும். திருநாளுக்கு வந்தபோது அருளப்பு சொல்லிவிட்டான். அது தெரிந்துகொண்டுதான் "சொல்லுக்குச் சொல் எழுதும்" என்று எழுதினேன். உம்மைப் பொறியில் பிடிக்கத்தான் முதலில் எழுதினேன், அதை இப்போது உமக்கு மறைக்க விரும்பவில்லை. பிறகு உம்முடைய பதில் வந்தது. வாசித்தால் அப்பு கதைக்கிறார். அவர் கதைக்கிற மாதிரியே கதைக்கிறார். பொய் என்று தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்கு வாசித்தேன். பொய் என்று தெரிந்துகொண்டு நாம்பனையும் விற்காமல் விட்டேன். இன்னும் எழுதும் என்று கேட்டேன். உம்மைப் பொய்காரி என்று சொல்லியிருந்தால் அடுத்த வள்ளத்தில் நான் போயிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் அங்கே ஒருத்தி அவரைப் பார்க்கிறாள் என்று நான் இங்கே இருந்துவிடலாம். அப்படித்தான் இருந்தேன். பங்குனி வரைக்கும் அந்த மனிசனை ஆளில்லாமல் கிடக்க விட்டது நாங்கள் இரண்டு பேரும்.

சித்திரையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உமக்கு நியாயம் கேட்டு எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடும்.

ஏழு மாதம் அவர் இந்த வீட்டில் இருந்தார். ஒரு சத்தமும் இல்லை. அவர் கடைசியாகக் கதைத்தது உம்முடைய கடிதங்களில்தான்.

அவற்றில் மற்றதெல்லாம் இட்டுக்கட்டு என்று தெரியும். முதற் கடிதம் மட்டும் உண்மை. அந்த ஞாயிறு நீர் போனீர், அவருக்குக் குரல் இருந்தது, என்னைக் கேட்டிருக்கிறார். எப்ப வருவாள், எப்ப வருவாள் என்று. வந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கும் போதெல்லாம் அதுதான் எனக்குக் கேட்டது. சாகும்வரை அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்த ஒரு வரியை என்னால் இறக்கி வைக்க ஏலாமல் இருக்கிறது.

இந்த முறை நத்தார்க் கடிதம் வருமா என்று ஞானசவுந்தரி கேட்டு எழுதியிருக்கிறாள். நான் என்ன சொல்ல?

மாக்கிறேற்


கொழும்பு 13
14.12.1986

அன்பின் மாக்கிறேற்,

அப்புவின் ஆத்துமம் நித்திய சமாதானத்தில் இளைப்பாறட்டும். உமது கடிதம் கிடைத்த அன்று மகனையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். பீடத்துக்குக் கிட்டப் போக மனம் வராமல் வாசலோடு முழங்காலில் நின்றுவிட்டு வந்தேன்.

இந்த வருசம் பொதுக் கடிதம் எழுதவில்லை. ஞானசவுந்தரிக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். போன வருசம் நான் ஞாயிறு தோறும் போனதாக எழுதியது பொய் என்பதை ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே எழுதினேன். இதற்குக் கார்பன் வைக்கவில்லை. எங்கள் வீட்டு வருசத்தில் சொல்ல வேறொன்றுமில்லை. மகன் வளர்கிறான். நான் இன்னும் அவன் வாயில் விரலை வைக்கிறேன்.

உமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஆவணியில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதினால் முதற் கடிதமும் பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கென்று ஒரு கடிதமாவது மிஞ்சட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கு அவர் உம்மை எப்ப வருவாள் என்று கேட்கவில்லை. அப்படி எழுதினால் மகளுக்கு இனிக்கும் என்று நினைத்து நான்தான் எழுதினேன். அது உமக்குள் இப்படி இறங்கும் என்று நினைக்கவில்லை.

அவர் சொன்னது வேறு. நான் மெதுவாகக் கதைக்கச் சொன்ன பிறகு அவர் என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன். எனக்கு அங்கிருந்து வெளிக்கிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அரைக் காதால் கேட்டேன். ஆனாலும் காதில் விழுந்தது. இந்த ஒரு வருசத்தில் அது தேயவில்லை. என் காதுக்குக் கிட்ட, வேறொருவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"மாக்கிறேற்றுக்கு எழுது பிள்ளை, அவள் வரவேண்டாம். அவளுக்குக் கடலுக்குப் பயம். அது எனக்குத் தெரியும், அவள் எனக்குச் சொன்னதில்லை. நான் கோவிக்க மாட்டன் எண்டு எழுது. மறந்துபோகாதை."

இதையும் நான் இட்டுக்கட்டினேன் என்று நீர் நினைக்கலாம். அவர் எப்படிக் கதைப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நானே எழுதியிருக்கிறேன். இதை நம்பும் என்று உம்மைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர் சொல்லச் சொன்னார், நான் சொல்லிவிட்டேன்.

மேரிஜோசப்பின்